அம்மா ஜெயிச்ச டம்ளர்

ரெண்டு நாளா வாலாஜாபாத் பக்கம் நல்ல மழை. கழனியில கால் வைக்க முடியல. பரண் மேல இருந்த பெட்டியை இறக்கினேன், அம்மாவோட பித்தளை டம்ளர் கிடைச்சுது. அஞ்சாவது படிக்கறப்போ ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சு வாங்கினது. அதோட படிப்பும் நின்னுச்சு, ஓட்டமும் நின்னுச்சு, தாத்தா அனுப்பல. ஆனா அந்த டம்ளர்ல வேற யாரும் தண்ணி குடிக்கக் கூடாது.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல 400 மீட்டர் தடை ஓட்டம். பி.டி. உஷா நாலாவதா வந்தார். வினாடியில நூறுல ஒரு பங்குல வெண்கலம் போச்சு. ரேடியோ செய்தியைக் கேட்டுட்டு அம்மா கேட்டாங்க, "கண்ணு மூடித் தொறக்கற நேரமாடா?"

"அதைவிடக் கம்மிம்மா."

அன்னிக்குக் கொல்லையில களை எடுக்கறவரைக்கும் யார்கிட்டயும் பேசல.

2006 டிசம்பர்ல தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டி. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சி சாந்தி 800 மீட்டர்ல வெள்ளி வாங்கினார். அப்பா அம்மா செங்கல் சூளைத் தொழிலாளிங்க. எங்க அம்மாவுக்கு அது சொந்தக்காரப் பொண்ணு ஜெயிச்ச மாதிரி. கொஞ்ச நாள்லயே பாலினச் சோதனைன்னு சொல்லி பதக்கத்தைப் பிடுங்கிட்டாங்க. "ஓடினது அந்தப் பொண்ணு காலுதானே, அப்பால இன்னா சோதனை?"ன்னு டிவி முன்னாடியே கத்தினாங்க.

அடுத்த வருஷம் என் பொண்ணை மாவட்டப் போட்டிக்கு 400 மீட்டர் ஓட எடுத்தாங்க. நான் அனுப்பல. சாந்திக்கு நடந்ததைத்தான் காரணமாச் சொன்னேன். நிஜம் வேற. பொண்ணு அரை டிராயர் போட்டு ஓடினா ஊர் பேசுமேன்னு பயம். இதை இப்பத்தான் வெளியில சொல்றேன்.

"அன்னிக்கு எங்க அப்பன், இன்னிக்கு நீயா?" அவ்வளவுதான் கேட்டாங்க. ஒரு மாசம் சோறு போட்டாங்க, பேசல.

அப்புறம் பாப்பா ஒரகடத்துல கம்பெனி வேலைக்குப் போச்சு. விடியக்காலையில தெருமுனையில வேன் ஹாரன் அடிக்கும். டிபன் டப்பாவோட பாப்பா ஓடும். திண்ணையில ஆயா எண்ணிக்கிட்டே இருப்பாங்க, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. சாயங்காலம் வந்ததும், "நேத்தைவிட ரெண்டு எண்ணிக்கை கம்மிடி"ன்னு சொல்லுவாங்க.

அம்மா போய் மூணு வருஷம் ஆவுது. டம்ளரைப் புளி போட்டு விளக்கி வச்சிருக்கேன். பொங்கலுக்குப் பாப்பா வந்தா குடுக்கணும்.