பாறையின் ஓரம் சொல்லும் கணக்கு

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் சாம்பல் நிற நைஸ் பாறைகளை ஊடறுத்துக்கொண்டு கன்னங்கரிய டோலரைட் பட்டைகள் நீண்டு கிடக்கின்றன. நிலத்தடி விரிசல்களில் பாறைக்குழம்பு புகுந்து உறைந்ததால் உண்டானவை அவை. நிலவியலார் டைக் என்பார்கள். குவாரிகளில் கறுப்பு கிரானைட். பிளவில்லாத பெரிய பாளம் தேறுமா என்பது குவாரிக்காரரின் கவலை. பாறையியலாளர் முதலில் தேடிப்போவது பட்டையின் ஓரத்தை, கறுப்புப் பாறை நைஸைத் தொடும் கோட்டை.

அங்கே சுத்தியலால் ஒரு சில்லு உடைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்த்தால் மணி மணியாக எதுவும் தெரியாது, ஒரே கறுப்பு. உள்ளே நகர நகர பிளேஜியோகிளேஸ் என்ற கனிமம் வெள்ளைக் கீற்றுகளாகத் தலைகாட்டும். அகலமான டைக்கின் நடுவில் அதே கீற்றுகள் வெறுங்கண்ணுக்கே புலப்படும். இரண்டு இடத்திலும் உறைந்தது ஒரே குழம்பு. கிடைத்த அவகாசம்தான் வேறு.

பாறை வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். குளிர எடுக்கும் காலம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். ஒரு மீட்டர் தடிமனுள்ள டைக் சில நாட்களிலோ வாரங்களிலோ உறைந்துவிடும். 10 மீட்டர் என்றால் ஆண்டுக் கணக்கு. 100 மீட்டர் என்றால் நூற்றாண்டுக் கணக்கு.

படிகம் வளர முதலில் ஒரு கரு வேண்டும்: ஒழுங்காக அடுக்கிக்கொண்ட அணுக்களின் நுண்ணிய கூட்டம். குழம்பு சட்டென்று குளிர்ந்தால் ஒரே சமயத்தில் எண்ணற்ற கருக்கள் முளைக்கும். குழம்பும் இறுகிப்போவதால் அணுக்களால் வெகுதூரம் நகர முடியாது. பந்தியில் ஆள் கூடினால் இலைக்கு விழுவது குறையுமே, அதுபோல ஒவ்வொரு படிகமும் பொடியாகவே நின்றுவிடும். மெதுவாகக் குளிரும்போது கருக்கள் குறைவு, தொலைவிலிருந்தும் அணுக்கள் வந்து சேரும், படிகம் பெரிதாகும். கரு முளைக்கவே நேரமில்லாவிட்டால் மிஞ்சுவது கண்ணாடி.

இதைக் கண்முன் செய்துகாட்டியவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹால். உருகிய பாறை உறைந்தால் கண்ணாடிதான் ஆகும், கல் ஆகாது என்று ஒரு சாரார் வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஹால் எடின்பரோவின் கருங்கல்லை உலையில் உருக்கினார். வேகமாகக் குளிரவைத்தபோது கண்ணாடி வந்தது. அந்தக் கண்ணாடியையே மறுபடி உருக்கி மெல்ல ஆறவிட்டபோது படிகங்கள் நிறைந்த கல் திரும்பி வந்தது. 1798இல் இந்த முடிவுகளை எடின்பரோ ராயல் சொசைட்டியில் முன்வைத்தார்.

அடுத்த பெரிய உலை ஹவாயில் இயற்கையே மூட்டியது. 1965இல் கிலாவெயா எரிமலையின் மகாவோபுகி பள்ளத்தில் லாவா ஏரியாகத் தேங்கியது. மேலோடு இறுகியதும் ஆய்வாளர்கள் அதன்மேல் நின்று துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களில் வெப்பத்தை அளந்து மாதிரிகளை எடுத்தார்கள். அந்த மாதிரிகளில் படிகங்களின் எண்ணிக்கையையும் அளவையும் சேர்த்துக் கணக்கிட்ட காத்தரின் கேஷ்மன், புரூஸ் மார்ஷ் இருவரும் 1988இல், பிளேஜியோகிளேஸ் ஆண்டுக்கு ஏறக்குறைய 0.02 முதல் 0.03 மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது என்று காட்டினார்கள்.

அப்படி எண்ணுவதற்குக் கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்க வேண்டும். சில்லை அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, கார்போரண்டம் பொடியும் நீரும் விட்டு, 0.03 மில்லிமீட்டர் ஆகும்வரை தேய்க்கிறார்கள். கை பழகியவர் கருவியைவிடக் கனிமத்தின் நிறத்தை நம்புவார். குறுக்காக வைத்த இரு போலராய்டுகளுக்கு நடுவே குவார்ட்ஸ் மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். சாம்பலும் வெள்ளையுமாக மாறியதும் நிறுத்திவிடலாம். ஒரு கணம் கூடினாலும் சீவல் கரைந்து போகும்.

நுண்ணோக்கியில் குனிந்தவுடன் பெரிய படிகம்தான் கண்ணை இழுக்கும். அதை மட்டும் அளந்து 'மெதுவாகக் குளிர்ந்தது' என்று எழுதிவிடக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டனில் 300 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கோமட்டியைட் லாவாக்கள் இருக்கின்றன. இவ்வகை லாவாவில் ஒலிவீன் தகடுகள் சில இடங்களில் ஒரு மீட்டர் நீளத்தைக்கூட எட்டும். அவை மெல்ல வளர்ந்த படிகங்கள் அல்ல. கருக்கள் மிகக் குறைவாக இருந்த குழம்பில், வெப்பம் விரைந்து இறங்கியபோது நீண்டு ஓடியவை. மெலிந்த, எலும்புக்கூடு போன்ற வடிவமே அந்த அவசரத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே அளவு, எண்ணிக்கை, வடிவம் மூன்றையும் ஒன்றாக வைத்துத்தான் தீர்ப்பு எழுதப்படுகிறது.

சைப்ரஸின் ட்ரூடோஸ் மலைகளில் இந்த வாசிப்பு ஒரு கடலடியின் பிறப்பையே காட்டியது. அங்கே டைக்குகள் ஆயிரக்கணக்கில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. பலவற்றுக்கு ஒரு பக்கத்தில்தான் பொடிமணி ஓரம். இன்னும் சூடாறாத டைக்கை நடுவில் பிளந்துகொண்டு புதுக்குழம்பு ஏறியபோது, பழையதன் ஒரு பாதி அந்தப் பக்கமும் மறுபாதி இந்தப் பக்கமுமாக விலகிப்போயின. கிட், கேன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எந்தப் பக்க ஓரம் அதிகம் எஞ்சியிருக்கிறது என்று டைக் டைக்காகப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். 1974இல் வெளியான அந்தக் கணக்கு, ட்ரூடோஸ் ஒரு காலத்தில் விரிந்துகொண்டிருந்த கடலடித் தளம் என்பதற்கு வலுவான சான்றாக நின்றது.