நள்ளிரவுத் தொலைக்காட்சியும் உறங்கும் பிள்ளையும்



பாயான் லெப்பாசில் எல்லார்க்கும் ஒரே நேரத்தில் இரவு வருவதில்லை. 1972ஆம் ஆண்டு இங்குத் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கப்பட்டது. இன்டெல் முதலிய மின்னணு ஆலைகள் வந்தன. அன்று முதல் இவ்வூரின் குடும்பங்கள் ஷிப்டுக் கணக்கில் வாழப் பழகிவிட்டன. என் கணவரும் அவ்வாறே. மாலை ஷிப்டு முடிந்து அவர் வீடு திரும்பும்போது மணி பதினொன்றரை ஆகியிருக்கும். குளித்து, உண்டு, ஒரு மணி நேரமாவது தமிழ்ப்படமோ செய்தியோ பார்த்தால்தான் அவருக்கு உறக்கம் வரும். எங்கள் மகளோ ஐந்தாம் ஆண்டு மாணவி. அவள் படுத்திருக்கும் அறைக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே ஒரு மெல்லிய சுவர்தான் உண்டு.

மலிவு விலை அடுக்குமாடி வீடுகள் ஏறத்தாழ 650 சதுர அடிதான். அதற்குள் ஒருவரின் ஓய்வு மற்றவரின் உறக்கத்தைத் தொடாமல் இருப்பது அரிது. ஒருநாள் முதல் பாடவேளையிலேயே மேசையில் தலைசாய்த்துவிட்ட நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனிடம் காரணம் கேட்டேன். "டீச்சர், நான் ஹால்லதான் படுப்பேன். அப்பா படம் பாத்து முடிச்சாதான் தூக்கம் வரும்" என்றான். அவன் குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. வீடென்றால் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தான். அந்தத் தந்தையைக் குறை கூறவும் எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்தவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் சொந்தம்.

அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 6 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாள்தோறும் 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. காலை ஆறு மணிக்கு எழவேண்டிய பிள்ளை இரவு ஒன்பதுக்குள் உறங்கியாக வேண்டும். ஆகவே, எங்கள் வீட்டில் நல்ல ஹெட்போன் ஒன்றைத் தொலைக்காட்சியோடு இணைப்பது என்று முடிவு செய்தோம். அதில் அறிந்தவற்றை, இதே நிலையில் இருக்கும் பெற்றோர்க்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஹெட்போனின் வகை. காதை முழுவதும் மூடும் ஹெட்போன்களில் பின்புறம் அடைபட்டவை, திறந்தவை என இரண்டு உண்டு. திறந்தவற்றில் ஒலி இயல்பாக விரியும். ஆனால் வெளியேயும் கசியும். அருகில் யாரேனும் உறங்கும் வீட்டிற்கு அடைபட்ட வகையே பொருத்தம். இன்னொன்று, மின்தடை. 1997இல் வெளிவந்த சென்ஹைசர் எச்.டி. 600 புகழ்பெற்ற ஹெட்போன். அதன் மின்தடை 300 ஓம், பின்புறமும் திறந்தது. அதைத் தொலைக்காட்சியின் சிறு துளையில் நேரே செருகினால் ஒலி பெரும்பாலும் மெலிந்தே கேட்கும். தனி ஒலிபெருக்கிக் கருவி ஒன்று வேண்டும். 32 ஓம் அளவிலான ஹெட்போன்களுக்குப் பொதுவாக இத்தொல்லை இல்லை. விலை உயர்ந்தது என்பதற்காக மட்டும் ஒன்றை வாங்கிவிடலாகாது.

அடுத்து இணைக்கும் வழி. தொலைக்காட்சியில் 3.5 மில்லிமீட்டர் துளை இருந்தால் அதுவே எளிது. ஒலியும் படமும் பிசகாமல் வரும். நாற்காலி வரை நீளும் கம்பியைச் சுவரோரமாகப் பதித்துவிடுங்கள். இருட்டில் தண்ணீர் குடிக்க எழும் பிள்ளையின் கால் அதில் சிக்கக்கூடாது.

புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் அத்துளை இல்லை. பின்புறம் 'ஆப்டிகல்' என்று குறிக்கப்பட்ட ஒளியிழை வாயில் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து வருவது எண்முறை ஒலி. அதை மாற்றித் தரும் ஒரு சிறு பெட்டி தேவை. தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் 'பி.சி.எம்.' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டால்பி என்று இருந்தால் பல பெட்டிகளில் ஒன்றுமே கேட்காது. இவ்வழியில் ஒலியளவைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் அப்பெட்டியின் திருகில்தான்.

புளூடூத்தில் கம்பித் தொல்லை இல்லை. ஆனால் தாமதம் உண்டு. ஒலி ஏறத்தாழ 125 மில்லிவினாடி பிந்தினால் நம்மால் உணர முடியும் என்று அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை கூறுகிறது. சாதாரண புளூடூத்திலோ 200 மில்லிவினாடி அளவுக்குத் தாமதம் நேர்வது இயல்பு. நாயகன் வாயை மூடிய பிறகு வசனம் வரும்! பல தொலைக்காட்சிகளில் உள்ள சரிசெய்யும் வசதி ஒலியைப் பிந்தச் செய்யுமேயன்றி முந்தச் செய்யாது. தாமதம் குறைந்த புளூடூத் முறையை அனுப்பும் கருவியும் ஹெட்போனும் இரண்டுமே ஏற்க வேண்டும். இல்லையேல், தொலைக்காட்சிக்கென்றே தனி வானொலி அலையில் இயங்கும் கம்பியில்லா ஹெட்போனை வாங்கலாம். எங்கள் தொலைக்காட்சியில் ஒளியிழை வாயில் இருந்ததால் நாங்கள் அவ்வழியையே கொண்டோம்.

இனி, காதைப் பற்றி ஒரு சொல். உலகச் சுகாதார நிறுவனமும் அவ்வொன்றியமும் வகுத்த அளவின்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். பிள்ளைகளுக்கு அது 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 83இல் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் வெறும் 5 மணி. ஆலைத் தொழிலாளியின் காது பணியிடத்திலேயே ஒரு பங்கை வாங்கிவிடுகிறது. நம் நாட்டின் 2019ஆம் ஆண்டுப் பணியிட இரைச்சல் விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று எல்லை வகுத்துள்ளன. அந்த இரைச்சலிலிருந்து வந்தவர் உடனே ஹெட்போன் அணிந்தால் கூடுதல் ஒலியையே நாடுவார். எனவே, உணவு முடிந்து சற்று ஓய்ந்த பின் அணிவது நன்று. கைநீட்டும் தொலைவில் இருப்பவர் அழைப்பது கேட்கவில்லை என்றால் ஒலியைக் குறையுங்கள்.

இவ்வளவும் செய்து முடித்த முதல் இரவில் வீடு அமைதியானது. மகள் அயர்ந்து உறங்கினாள். ஆனால் நானும் அவரும் ஒரே திரையின் முன் அமர்ந்திருக்க, அவர் மட்டும் சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. நாள் முழுதும் காத்திருந்து கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் அவர் ஓர் உலகிலும் நான் வேறோர் உலகிலும் இருந்தோம். பிள்ளையின் உறக்கத்துக்கு இது விலையென்றால், அந்த விலை கொஞ்சம் அதிகம் என்றே பட்டது.

மறுவாரமே அதே வகையில் இன்னொரு ஹெட்போன் வாங்கினோம். ஒரு துளையை இரண்டாக்கும் பிரிப்பானும் சேர்த்தோம். இரண்டும் ஒரே வகையாக இருப்பது முக்கியம். மின்தடை வேறுபட்டால் ஒருவருக்கு உரக்கவும் மற்றவருக்கு மெதுவாகவும் கேட்கும். இப்போது இருவரும் ஒன்றாகச் சிரிக்கிறோம், கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

வள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நன்மொழி கேட்பதன் சிறப்பை நாம் வகுப்பில் விளக்குகிறோம். அடுத்தவர் உறங்க நம் ஓசையை அடக்குவதையோ பிள்ளைகள் வீட்டில் பார்த்தே கற்க வேண்டும். காலையில் ஹெட்போன் இரண்டும் கொக்கியில் தொங்குவதைக் கண்ட மகள், "எனக்காகவாம்மா ரெண்டு வாங்குனீங்க?" என்றாள். ஆம் என்றேன். அதில் பொய் ஏதுமில்லை.