கோடும் நாதமும்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, கல்லூரியின் பழங்கதைகளை எழுதுதற்கு எம்மினும் தகுதியுடையோர் பலர் உளரென்று கூறி விலகவே எண்ணினோம். ஆயின் அதே வாரத்தில் எமது பெயர்த்தி கேட்ட கேள்வியொன்று எம்மை இருக்கவிடவில்லை. உத்தியோகத்தினின்றும் ஓய்வுபெற்றபின் யாம் எமது அறையிலே தனித்திருந்து மின்னியல் இசை அமைத்து வருகின்றோம். ஒரு கணினி, இரண்டு ஒலிபெருக்கிகள், ஒரு பழைய நாடா ஒலிப்பதிவுக் கருவி. இவையே எமது பக்கவாத்தியம். ஒரு மாலைப்பொழுதில் ஒரே ஒலியை எத்தனையாவதோ தடவையாகத் திருத்திக்கொண்டிருக்கையில், கதவோரத்தில் நின்ற அச்சிறுமி, "இதை ஆர் கேக்கப்போகினம், அம்மப்பா?" என்றாள். யாம் விடை கூறவில்லை. கூற விடையும் இருக்கவில்லை. இக்கட்டுரை அவளுக்கு அன்று சொல்லாமல் விட்டதை எழுதிப் பார்க்கும் முயற்சியென்று கொள்க.

கல்லூரியிற் பயின்ற அறுபதுகளில் யாம் பகலிற் பௌதிகமும் மாலையில் வயலினும் கற்றோம். ஆய்வுகூடத்திலே சுரமானியின் கம்பியை மீட்டி, ஒலிக்கு இலக்கணம் மூன்று, அவை சுருதி, உரப்பு, பண்பு என எழுதிக்கொண்டோம். மாலையில் வயலின் ஆசிரியர் ஒரே சுரத்தை அசைத்தும் வளைத்தும் இழைத்தும் காட்டும்பொழுது, காலையில் எழுதிய மூன்றினுள் இஃது எதிலே அடங்குமென்று மயங்குவோம். மயக்கம் தீருமுன்னரே பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சை வந்தது. தந்தையார் வயலினை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அவரைக் குறைகூறோம்; அக்காலத்துத் தந்தையர் யாவரும் அதைத்தான் செய்திருப்பர். பூட்டுத் திறந்தபொழுது வில்லின் மயிரைப் பூச்சி அரித்திருந்தது. யாம் தொலைபேசிப் பொறியியலாளராகி இலண்டனிற் குடியேறினோம்.

நிற்க. 2011ஆம் ஆண்டு இலண்டன் விஞ்ஞான நூதனசாலையிற் காட்சிக்கு வைத்திருந்த ஒரு பொறியின்முன் யாம் நெடுநேரம் நின்றோம். இயக்கவொண்ணாத நிலையிற் கண்ணாடிக்குப் பின்னே இருந்த அதனை முதற் பார்வையிலே நெசவுத்தறியென்றே கருதினோம். 35 மில்லிமீற்றர் அகலமுடைய பத்துப் படச்சுருள் நாடாக்கள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடும்படி அமைந்திருந்தன. அந்நாடாக்களின்மேல் இசை அமைப்பவர் மையினாற் கோடும் புள்ளியும் இடுவார். நாடா ஓடும்பொழுது மைபட்ட இடம் ஒளியை மறைக்க, கீழேயுள்ள ஒளிமின்கலங்கள் அம்மறைப்பை மின்னோட்டமாக மாற்றும். ஒரு நாடாவின் கோடு உயர்ந்தால் உரப்பு உயரும். வேறொன்றின் கோடு நடுங்கினாற் சுரம் நடுங்கும். ஒலியின் பண்பையோ கண்ணாடித் தகட்டில் அலைவடிவமாகவே வரைந்து வைக்கலாம். அலுமாரிக்குள் பூட்டப்பட்ட கேள்விக்கு யாரோ ஒருவர் முன்னரே விடை வரைந்து வைத்துள்ளாரென்பதை அன்று உணர்ந்தோம். பெயர்ப்பலகையைப் பார்த்தோம்: டாப்னி ஓரம். இசைவரலாற்றின் ஓரத்திலேயே நெடுங்காலம் நிறுத்தப்பட்ட ஒருவருக்கு அப்பெயர் தமிழிலே இவ்வாறு பொருள்படுவது தற்செயல்தான். ஆயினும் எமக்கு அது சுருக்கென்றது.

அம்மையார் 1925இல் இங்கிலாந்தின் வில்ற்சயர்ப் பகுதியிற் பிறந்தவர். 1942இல் இராயல் இசைக் கல்லூரியில் இடங்கிடைத்தும் அதனை ஏலாது, பி.பி.சி. வானொலியில் இளநிலை ஒலிக்கூடப் பொறியியலாளராகச் சேர்ந்தார். போர் நடந்த காலம். அல்பேட் மண்டபத்திற் கச்சேரி நேரடியாக ஒலிபரப்பாகும்பொழுது, அதே உருப்படியின் இசைத்தட்டை அக்கச்சேரியுடன் இம்மியும் பிசகாது சேர்த்து ஓட்டிக்கொண்டிருப்பது அவர் பணிகளில் ஒன்று. குண்டுவீச்சினாற் கச்சேரி நின்றால், கேட்போர் அறியாவண்ணம் இசைத்தட்டுக்கு மாற்றிவிடவேண்டும். உண்மை இசையும் பதிவிசையும் ஒரே கைப்பிடியிலே நிற்க, இரண்டுக்கும் இடையில் ஒரு பதினெட்டு வயதுப் பெண் காத்திருந்ததை எண்ணிப் பாருங்கள்.

அவ்விருப்பின் பயனென்றே யாம் கருதுவது, 1949இல் அவர் எழுதிமுடித்த 'ஸ்ரில் பொயின்ற்' என்னும் பேருருப்படி. இரண்டு வாத்தியக் குழுக்கள், ஐந்து ஒலிவாங்கிகள், இவற்றோடு வாத்தியங்களுள் ஒன்றாகவே இசைத்தட்டுக்கள். இத்தகைய ஒன்றை அதற்குமுன் ஒருவரும் எழுதியதை யாம் அறியோம். பி.பி.சி. அதனை ஏற்கவில்லை. ஏடுகள் கட்டப்பட்டன.

அவர் சோர்ந்தாரல்லர். இரவிலே ஒலிக்கூடங்கள் அடங்கியபின் நாடாக் கருவிகளை ஓரறைக்கு உருட்டிவந்து பரிசோதனை செய்து, விடியுமுன் அவற்றை உரிய இடங்களிற் சேர்த்துவிடுவாராம். 1957இல் 'அம்பிற்றியன் 38' என்னும் தொலைக்காட்சி நாடகத்திற்கு முழுதும் மின்னியல் முறையில் இசை அமைத்தார். 1958இல் டெஸ்மண்ட் பிறிஸ்கோ என்பாருடன் சேர்ந்து பி.பி.சி.யின் வானொலி ஒலியாக்கப் பட்டறையை நிறுவினார். பல ஆண்டு மன்றாடிப் பெற்ற இடம் அது. அடுத்த ஆண்டே அதனை விட்டு நீங்கினார்!

இவ்விடத்திலேதான் எமது கருத்துப் பலகாலம் தங்கியது. அரசாங்க உத்தியோகத்தைக் கண்ணெனக் காக்கும் மரபில் வளர்ந்த எமக்கு, வருந்திப் பெற்றதை ஓராண்டில் விடுவது பேதைமையென்றே முதலிற் பட்டது. ஆயின் அப்பட்டறை நாடகங்களுக்கு வேண்டும் ஒலிகளைச் செய்து கொடுப்பதற்கென்று அமைந்தது. அவர் வேண்டியதோ இசை. பிறர் கதைக்குக் கதவு கிறீச்சிடும் ஓசையைச் செய்து கொடுப்பதிலேயே ஆயுளைக் கழிக்க அவர் ஒருப்படவில்லை.

கென்ற் மாகாணத்தில் 'ஹொப்' என்னும் பூங்காய்களை உலர்த்துதற்குக் கட்டப்பட்ட பழைய சூளைவீடொன்றை அவர் தம் ஒலிக்கூடமாக்கிக்கொண்டார். எம்மூர்ப் புகையிலைக் குடிலொன்றில் ஒருவர் குடிபுகுந்து இசை அமைத்ததாக நினைத்துக்கொள்ளலாம். வயிற்றுக்கு வழி விளம்பரங்கள், திரைப்பட ஒலிகள், பள்ளிச் சிறுவர் ஆடுதற்கேற்ற இசைத்தட்டுக்கள். அவ்விளம்பர இசைகளிற் சில மிகச் சாதாரணமானவை. அம்மையார்பால் எமக்குள்ள மதிப்புக் காரணமாக அதனை மறைக்கமாட்டோம். அவை ஈட்டிய பணம் பொறிக்குச் சென்றது. 1962இல் குல்பெங்கியன் அறநிலையம் உதவித்தொகை வழங்கியபின்னரே வேலை வேகங்கொண்டது. அதற்கு 'ஓராமிக்ஸ்' என்று தம் பெயரையே சூட்டினார்.

ஏன் இத்துணை வருத்தம்? எமக்குப் புலப்பட்டது இது. பியானோவின் கட்டை சுரத்தைக் கொடுக்கும். சுரத்திலிருந்து சுரத்திற்குச் செல்லும் வழியைக் கொடாது. இக்குறை கருதியே அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தை விலக்கியதென்பது கமகம் அறிந்தோர் அறிந்த செய்தி. அம்மையார் நம் இசையைப் பயின்றவரல்லர். ஆயினும் தம் பொறியிற் கட்டைகளை விடுத்துக் கோட்டை வைத்தார். கோடு எங்கும் வளையும். கை நடுங்கினால் அந்நடுக்கமும் இசையிலே வரும். இயந்திரத்தினுள் மனிதக் கையை நுழைக்கவே அவர் இத்தனையும் செய்தாரென்று யாம் துணிகின்றோம்.

பொறியின் குறையும் சிறிதன்று. ஒரு நேரத்தில் ஒரு குரலையே அது பாடும். பல குரல் வேண்டின் ஒவ்வொன்றாக நாடாவிற் பதிந்து சேர்க்கவேண்டும். அஃது உருப்பெற்றுக்கொண்டிருந்த 1964இலேயே அமெரிக்காவில் மூக் என்பவரின் மின்னியல் இசைப்பொறி தோன்றிவிட்டது. உலகம் கட்டைகளைத் தேர்ந்தது. அம்மையார் 1972இல் தம் கொள்கைகளை ஒரு நூலாக எழுதினார்; பின்னாளிற் கணினியிலும் அதே கோட்டை வரைய முயன்றார்; தொண்ணூறுகளிற் பாரிசவாதத்தினால் வீழ்ந்து, 2003 தைத் திங்களிற் காலமானார்.

2018 ஆடி 23ஆம் நாள் இரவு யாம் அல்பேட் மண்டபத்தின் மேல்மாடத்தில் அமர்ந்திருந்தோம். அம்மையாரின் ஏடுகளிலிருந்து இளைஞர் சிலர் சீர்செய்தெடுத்த 'ஸ்ரில் பொயின்ற்' அன்று முழுவடிவில் அரங்கேறியது. எழுதி 69 ஆண்டுகள். போர்க்காலத்தில் எந்த மண்டபத்துக் கச்சேரியோடு அவர் இசைத்தட்டை ஓட்டினாரோ, அதே மண்டபம். வாத்தியக் குழுவினரின் நடுவே ஓர் இளம்பெண் இசைத்தட்டுக்களைக் கையாற் சுழற்றிக்கொண்டிருந்தார். எமக்குப் பக்கத்திலிருந்த ஆங்கிலேய முதியவர் இடையிலே உறங்கிவிட்டார். யாம் அழுதுகொண்டிருந்தமையால் அவரை எழுப்ப எண்ணவில்லை.

எமது வேலையை அதனோடு ஒப்பிடும் அறியாமை எமக்கில்லை. சென்ற முறை ஊருக்கு வந்தபொழுது கல்லூரி மணியின் ஒலியைப் பதிந்து கொண்டுசென்றோம். மணியின் மேற்றொனிகள் சுரமானிக் கம்பியினுடையவைபோல ஒழுங்கான மடங்குகளில் நில்லா. அதனாலேயே அவ்வொலிக்கு அந்த ஏக்கம். அடித்தபின் எஞ்சும் முரல்வை ஒன்பது நிமிடத்திற்கு நீட்டி, அதனுள்ளே ஒரு கோட்டை வரைந்து, சுரத்தை வளைத்து வருகின்றோம். இதுவரை மூவர் கேட்டிருக்கின்றனர். பெயர்த்தி நான்காமவளாக வந்திருந்து இறுதிவரை கேட்டுவிட்டு, "மணி அடிக்கிற சத்தம் மட்டும் தகரம் மாதிரி இருக்கு" என்றாள். அவள் சொன்னது சரிதான். அந்த முதலடியை இன்னும் திருத்திக்கொண்டிருக்கின்றோம்.