அடுத்தவர் பேசும்போது அவர் முகம்

கதர்க்கடையில் புது வேட்டியின் மடிப்பைப் பிரிக்கும்போது எழுகிற கஞ்சி வாசனை, கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் வெயிலுமாக, என்னைக் கொண்டுபோய் நிறுத்துகிற இடத்தைச் சொன்னால் சிரிப்பார்கள், அலபாமா மாநிலத்துச் சிற்றூர் நீதிமன்றம் ஒன்றில், வெளிர்நிறக் கோட்டும் அதற்குள் அரைக்கோட்டும் போட்டு, சங்கிலி கோத்த கடிகாரத்தோடு நிற்கும் ஹாலிவுட் நடிகர் கிரிகரி பெக்கின் முன்னால்தான் நிறுத்துகிறது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வாசனை ஏது என்று கேட்கலாம், ஆனால் அந்தக் கோட்டு வெயிலில் கசங்கியிருக்கும் விதம் எனக்குத் தெரிந்த விதம், அப்படிக் கசங்கிய துணியோடு தினமும் மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பிய ஒரு மனிதரோடு நான் வளர்ந்தேன்.

சின்னத் தாத்தா மதுரையில் வக்கீல் குமாஸ்தா. வந்ததும் அங்கவஸ்திரத்தைக் கொடியில் போட்டுவிட்டு, மூக்குப்பொடி மட்டையை இடுப்பிலிருந்து எடுத்துத் திண்ணையில் வைத்து, கேஸ் கட்டுகளின் நூலை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து இறுக்கிக் கட்டுவார், கட்டு தளர்ந்தால் கேஸும் தளரும் என்பது அவர் சித்தாந்தம். பேச்சு குறைவு. ஆங்கிலப் படம் மட்டும் அவருடைய ஒரே செலவு, அதற்கு ரீகல் டாக்கீஸ் இருந்தது, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் விக்டோரியா எட்வர்டு மன்றத்தின் பழைய கட்டடத்தில், பகலில் வாசகசாலைக்கு வந்தவர்கள் நாளிதழை மடித்து வைத்துவிட்டுப் போன பிறகு, பொழுது சாய்ந்ததும் தொடங்கும் காட்சி. சைக்கிள் முன்கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்துக் கூட்டிப்போவார், பின்னாலிருந்து பொடி வாசனையும் கஞ்சி வாசனையும் மாறி மாறி வரும்.

அங்கேதான் 'மெக்கன்னாஸ் கோல்டு' பார்த்தேன். 1969ல் வந்த அந்தப் படம் சொந்த நாட்டில் சரியாகப் போகவில்லை, இந்தியாவிலோ ஓடித் தீர்த்தது, எங்கள் தெருப் பையன்கள் அத்தனை பேரும் பாறையின் நிழல் நீண்டு வழிகாட்டுவதையும் கடைசியில் பள்ளத்தாக்கே இடிந்து விழுவதையும் பற்றி மாதக்கணக்கில் பேசினோம். ஓமர் ஷெரீப்தான் எங்களுக்குப் பிடித்தவர், சிரிக்கிறார், குதிக்கிறார், ஏமாற்றுகிறார். பெக், புதையல் வரைபடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நெருப்பில் போட்டுவிடும் மார்ஷல், அதன் பிறகு அது அவர் தலைக்குள் மட்டுமே இருக்கிறது, அதனாலேயே எல்லோரும் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலைகிறார்கள். இடைவேளையில் நான் ஷெரீப்பைப் பற்றி மூச்சுவிடாமல் பேச, தாத்தா கடலையை உரித்து என் கையில் போட்டபடி சொன்னார், "அது சரிடா, அடுத்தவன் பேசுறப்ப இந்த ஒசரக்காரன் மொகத்தப் பாரு."

பார்க்கத் தெரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின, அதற்கும் ஒரு கோணல் வழியில்தான். சென்னை மவுண்ட் ரோட்டில் சஃபையர் வளாகத்தில் ப்ளூ டயமண்ட் என்றொரு அரங்கு இருந்தது, அங்கே படம் நிற்காமல் ஓடும், எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், நுழைந்த இடம் திரும்பி வரும்வரை உட்காரலாம், கல்லூரி மாணவர்களுக்குக் குளிர்சாதனம் ஒன்றே போதும். இருட்டில் தடவி இடம் பிடித்து நிமிர்ந்தபோது 'ரோமன் ஹாலிடே' முடிந்துகொண்டிருந்தது. நீண்ட கூடம், தூண்கள், பளிங்குத் தரை, கூட்டம் கலைந்துவிட்டது, ஓர் உயரமான மனிதர் மட்டும் காலியான மேடையைப் பார்த்து நிற்கிறார், பிறகு பேன்ட் பையில் கைகளை விட்டுக்கொண்டு நடக்கிறார், காலடிச் சத்தம் கேட்கிறது, வாசல் வரும் சமயம் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறார், போய்விடுகிறார். அவர் யாருக்காக நின்றார், எதை விட்டுக்கொடுத்தார், எதுவும் எனக்குத் தெரியாது, ஆட்ரி ஹெப்பர்னின் முகத்தைக்கூட இன்னும் பார்க்கவில்லை, ஆனால் அந்த நடையில் தொண்டை அடைத்தது. கதையை முன்னால் சொல்லாமலே பின்கதையை நம்பவைக்கிற உடம்பு அது, ஆறடி மூன்றங்குலம், அத்தனை உயரத்தையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்கத் தெரிந்த உடம்பு. அதன் பிறகு தொடக்கத்திலிருந்து பார்த்தபோது புரிந்தது, அவர் அந்தப் பெண்ணுக்கு இடம் விட்டுக்கொண்டே இருக்கிறார். நிஜத்திலும் விட்டிருக்கிறார், ஏறக்குறைய புதுமுகமான ஹெப்பர்னின் பெயரையும் தன் பெயருக்குச் சமமாகப் போடச் சொன்னது அவர்தான், 1953ல் வந்த அந்தப் படத்துக்கு ஆஸ்கர் வாங்கியதும் அவள்தான்.

பெக்கை மரக்கட்டை என்று எழுதிய விமர்சகர்கள் உண்டு, முழுப் பொய்யில்லை, 'மோபி டிக்' படத்தில் திமிங்கலத்தைத் துரத்தும் ஆஹாப்பாக அவர் எனக்கு ஒட்டவேயில்லை, அந்த வேடத்தை இயக்குநர் ஜான் ஹூஸ்டனே போட்டிருக்கலாம் என்பது பெக்கின் அபிப்பிராயமும்கூட. இருந்தாலும் இன்றைக்கு நாயகன் வருவதற்கு முன்னால் அவன் செருப்பு வருகிறது, அதற்கு முன்னால் மேளம் வருகிறது, அவன் காதில் அடுத்தவர் பேச்சு விழுவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடுகிறது. பாப்கார்ன் வெண்ணெய் வாசனைக்கு நடுவே உட்கார்ந்து பார்க்கிறேன், குறை சொல்லவும் பெரிதாக எதுவும் இல்லை, வெளியே வந்ததும் வண்டியை எந்தத் தளத்தில் நிறுத்தினோம் என்பதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

'டு கில் எ மாக்கிங்பேர்ட்' 1962ல் வந்த படம், பெக்குக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது, நாங்கள் அதைப் பார்த்தது டெக் வாடகைக்கு எடுக்கும் காலத்தில், மதுரை வீட்டுக் கூடத்தில், தாத்தா அப்போது வேலையை விட்டுவிட்டார், கண்ணில் புரை. செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நிற்கும் கறுப்பினத் தொழிலாளி டாம் ராபின்சனுக்காக வாதாடும் வக்கீல் ஆட்டிகஸ் ஃபிஞ்ச், அவர் முகத்தில் ஒருவன் காறித் துப்புகிறான், பெக் ஓர் அடி முன்னால் வைக்கிறார், அந்த ஓர் அடியில் அவர் உயரம் முழுவதும் தெரிகிறது, பிறகு கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறுகிறார். அடிப்பார் என்று காத்திருந்த நான் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தேன், அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், சரியான நேரத்தில் வாய்தா வாங்கிவிட்ட வக்கீலைப் பார்ப்பதுபோல. நடுவர்களை நோக்கி நிகழ்த்தும் நீண்ட வாதத்தைவிட, சாட்சி சொல்கிறவர்களைக் கேட்டுக்கொண்டு பெக் நிற்கும் இடங்களில்தான் தாத்தா திரையை நெருங்கி உட்கார்ந்தார்.

டாமாக நடித்த பிராக் பீட்டர்ஸ் சாட்சிக் கூண்டில் பேசும்போது நிஜமாகவே அழத் தொடங்கிவிட்டாராம், நேராகப் பார்த்தால் தானும் உடைந்துவிடுவோம் என்று பெக் அவர் கண்ணைத் தவிர்த்து அப்பால் பார்த்தபடி நடித்தாராம். 2003ல் பெக் இறந்தபோது இரங்கல் உரை ஆற்றியது அதே பீட்டர்ஸ். இதைப் படித்த பிறகு அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். அடுத்தவர் முகத்தையே பார்த்துக் கேட்கிறவர் என்று இத்தனை காலம் நான் கொண்டாடிய ஆளை இப்போது வேறு விதமாகப் பிடிக்கிறது. கட்சிக்காரர்கள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அழும்போது சின்னத் தாத்தாவும் அவர்களைப் பார்த்ததில்லை, பொடி மட்டையைத் திறந்து மூடுவார், நன்றாக இருக்கிற கட்டையே அவிழ்த்து மறுபடி கட்டுவார், மனுஷனுக்கு இரக்கமே கிடையாது என்று பாட்டி உள்ளேயிருந்து சொல்வாள்.