பூசணிக்கொடி கற்பித்த பாடம்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது முன்னோர் மொழி. அதன் பொருளை நாங்கள் உணர்ந்தது வகுப்பறையில் அன்று; பத்து காஜாவிற்கு அருகே, பால்மரத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டின் பின்புறத்தில்தான்.

அங்கே எங்கள் அன்னையார் வளர்க்காத கொடி இல்லை. பந்தலில் பீர்க்கும் புடலும் பாகலும் தொங்கும். வேலியில் சுரை படரும். நீற்றுப் பூசணியோ கூரைமீதே ஏறிவிடும். எதுவும் வீணாகாது. பீர்க்கங்காயின் சதை கூட்டாகும், தோல் துவையலாகும், முற்றிக் காய்ந்த கூடு முதுகு தேய்க்க உதவும். பூசணி மோர்க்குழம்பில் சேரும். உளுந்து மாவுடன் கலந்து வெயிலில் காயவைத்தால் வடகமாகும். சுரைக்காயை மட்டும் ஒரு சிறு துண்டு நாவில் வைத்துப் பார்த்த பின்னரே சமைப்பார், கசந்தால் எறிந்துவிடுவார். கசக்கும் சுரைக்காய் உடலுக்கு நஞ்சு என்று இன்று மருத்துவர்களும் எச்சரிக்கின்றனர்.

தீபாவளி ஐப்பசியில் வரும், அது மழைக்காலம். மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட இயலாது. வெட்டு இல்லையேல் அன்றைய கூலியும் இல்லை. ஆகவே பண்டிகை நெருங்க நெருங்கக் கையிருப்புக் குறையும். ஓர் ஆண்டு எங்கள் கொடியில் இரண்டே பூசணிகள் காய்த்திருந்தன. ஒன்று எங்கள் வீட்டு அல்வாவிற்கு. மற்றொன்று அடுத்த வீட்டில் தனித்து வாழ்ந்த பாட்டிக்கு என்று அன்னையார் வாக்களித்திருந்தார்.

உடன்பிறந்தார் மூவரும் ஒருநாள் எங்கள் பங்குக் காயில் ஆணியால் பெயர்களைக் கீறினோம். காய் பெருக்க எழுத்தும் பெருக்கும் என்பது எங்கள் ஆசை. ஆனால், கீறல் வழியே மழைநீர் இறங்கிக் காய் அழுகிவிட்டது. அன்னையார் அடிக்கவில்லை. மற்றக் காயின்மேல் பூத்திருந்த வெண்ணீற்றைக் காட்டி, "இதுதான் அதன் சட்டை. சட்டையைக் கிழித்து மழையில் நிறுத்திவிட்டீர்களே!" என்றார். அந்த மெழுகுப் பூச்சும் பழுதில்லாத தோலும் காப்பதால்தான் முற்றிய பூசணி பல மாதங்கள் கெடாமல் இருக்கிறது.

"பாட்டிக்கு வேறு ஏதேனும் கொடுக்கலாமே" என்றோம். "முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாகுமா?" என்று கேட்ட அன்னையார், அதனை நாங்களே சுமந்து சென்று கொடுத்து, நடந்ததையும் கூறவேண்டும் என்றார். தலைகுனிந்து கூறினோம். பாட்டி சிரித்தார். "ஒருத்திக்கு முழுக் காய் எதற்கு? உங்கள் அடுப்பை மூட்டச் சொல்லுங்கள்" என்று எங்களுடன் புறப்பட்டுவிட்டார்.

தோல் சீவி, விதை நீக்கித் துருவிப் பிழிந்தார்கள். அந்தத் துருவலைப் பிழிந்த நீரிலேயே வேகவைத்தார்கள். சீனியை முந்திச் சேர்த்தால் துருவல் விறைத்துவிடும் என்றார் பாட்டி. நன்கு வெந்து நீர் வற்றிய பின்னரே துருவலில் பாதியளவு சீனி சேர்ந்தது. பிறகு சிறிது சிறிதாக நெய், இறுதியில் ஏலக்காய். காசி அல்வா ஆயிற்று! லயத்தில் இருந்த வீடுகளுக்கெல்லாம் ஆளுக்கொரு கரண்டி சென்றது.

பின்னாளில் நாங்கள் பட்டணத்திற்குக் குடிபெயர்ந்தோம். சீனப் புத்தாண்டில் அண்டை வீட்டார் தந்த தட்டில், சர்க்கரை பூத்த வெண்ணிறத் துண்டுகள் இருந்தன. அதுவும் நீற்றுப் பூசணியே என்றறிந்து வியந்தோம். மலாய்க்காரர்கள் அதனைக் குண்டூர் என்பர். இந்தியாவின் ஆக்ரா நகரிலோ, அதே காயைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துப் பாகிலிட்டுப் பேட்டா செய்கின்றனர். காய் ஒன்று, கைம்மணம் பல.

அன்று பாட்டி விதைகளைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து எங்களிடம் தந்தார். இன்று அந்த லயமும் இல்லை; பாட்டியும் இல்லை. அவ்விதையின் வழிவந்த கொடி மட்டும் எங்கள் வேலியில் படர்கிறது.

மாணவச் செல்வங்களே, வீட்டோரத்தில் ஒரு விதை ஊன்றுங்கள். இரண்டு காய் காய்த்தால், ஒன்று அடுத்த வீட்டிற்கு. காயின்மேல் மட்டும் பெயர் எழுதாதீர்கள்!