கேட்ஃபேல் விட்டுச் சென்ற மடம்

இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரை செவர்ன் நதி ஏறக்குறைய முழுவதுமாக வளைத்து ஓடுகிறது. கிழக்கே பாலத்தைத் தாண்டினால், 1083-ல் தோன்றிய பெனடிக்ட் மடத்தின் தேவாலயம். எல்லிஸ் பீட்டர்ஸ் தன் துப்பறியும் துறவி கேட்ஃபேலைக் குடிவைத்தது இங்கேதான். முன்னாள் சிலுவைப்போர் வீரர், மூலிகை வைத்தியர். 1977-ல் தொடங்கிய வரிசை 20 நாவல்கள் வரை நீண்டது.

எதையும் தனியே படிக்கலாம். ஆனால் 1994-ல் வந்த கடைசி நாவலை அப்படிப் படித்தால் நஷ்டம். கதை நடப்பது 1145-ல். ஸ்டீபன் மன்னருக்கும் மாட் அரசிக்கும் உள்நாட்டுப் போர். அந்தியோக்கில் பழகிய பெண்ணுக்குப் பிறந்த மகன் எங்கோ சிறையில். தந்தை யார் என்றே அவனுக்குத் தெரியாது. கவென்ட்ரி வரைதான் மடாதிபதியின் அனுமதி; கேட்ஃபேல் அதையும் தாண்டிப் போகிறார். திரும்பினால் மடம் சேர்த்துக்கொள்ளுமா? கொலையாளி யார் என்பதைவிட இதுதான் பதற வைக்கிறது. 19 புத்தகங்களாக அந்த மூலிகைத் தோட்டத்தில் உலவியவருக்கே அதை உதறிச் செல்வதன் வலி புரியும்.

தோட்டத்தைத் தேடி வருவோருக்கு ஏமாற்றம்தான். 1836-ல் மட வளாகத்தின் குறுக்கே சாலை போட்டுவிட்டார்கள். உணவுக்கூடத்தில் வேதம் வாசித்த கல்மேடை மட்டும் சாலைக்கு அப்பால் தனியே நிற்கிறது. (டி.வி. தொடரையே ஹங்கேரியில்தான் எடுத்தார்கள்!) 1540-ல் மடம் கலைக்கப்பட்டபின் துறவிகள் பாடிய பகுதியும் இடிக்கப்பட்டது. நடுக்கூடத்தின் கனத்த நார்மன் தூண்கள் கேட்ஃபேல் காலத்தவை.