ஏழடிப்பட்டத்தில் ஒரு பகல்

காவிரிப் பாசன நாட்டில் பிறந்தவர்களுக்குக் கல் என்பது விலை கொடுத்து வாங்கும் பொருள். வயலில் கல் கிடையாது, வரப்பிலும் கிடையாது. கால் இடறினால் அது செங்கல்லாக இருக்கும், இல்லையேல் யாரோ எப்போதோ வண்டியேற்றிக் கொண்டுவந்த அம்மியாக இருக்கும். இராசராசன் 1010இல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோவிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. இந்தச் சமவெளியில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் குருத்துவப் பணி ஆற்றிவரும் நாம், ஒரு மலையின்மீது கால் வைத்து நெடுநாளாயிற்று.

சாம்பல் புதனுக்கு முந்தைய நாள். சம்பா அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாய்க் கிடந்தன. சென்ற ஆண்டின் குருத்தோலைகளை எரித்துச் சாம்பலைச் சலித்துவைக்குமாறு கோவில் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, விடியற்காலைத் திருப்பலி முடிந்ததும் புறப்பட்டோம். தனியாகத்தான். (தனியே போனவர் 'புறப்பட்டோம்' என்று எழுதுவதைக் கண்டு இளம் வாசகர்கள் சிரிக்கக்கூடும். பீடத்தில் நின்று பேசிப் பழகிய நாவு, இனித் திருந்தாது.) கேட்டவர்களிடம் ஓய்வுக்கு என்றோம். உண்மையில், ஒரு கல்லிடமிருந்து தப்பித்துச் சென்றோம்.

நம் பங்கில் புதிதாய் ஒரு சமூகக்கூடம் எழுந்தது. ஒரு குடும்பத்தார் நிலம் தந்தனர். மற்றொரு குடும்பத்தார் மேற்கூரைக்கான பணம் தந்தனர். திறப்புவிழாக் கல்வெட்டில் யார் பெயர் முதலில் வருவது என்பதில் தொடங்கிய பேச்சு, பங்குப் பேரவைக் கூட்டத்தில் முப்பாட்டன்மார் காலத்து வாய்க்கால் தகராறு வரை சென்றது. இரு வீட்டாரும் ஞாயிறு திருப்பலியில் எதிரெதிர்ப் பக்கங்களில் அமரத் தொடங்கினர். வெட்டிய கல்லோ சாக்குத்துணி சுற்றிக் கூடத்தின் பின்சுவரில் சாய்ந்து கிடந்தது. அதைக் கடக்காமல் நாம் உணவறைக்குச் செல்ல இயலாது.

தஞ்சையிலிருந்து கந்தர்வகோட்டை வழியாகப் புதுக்கோட்டைக்குப் பேருந்து. சிறிது தொலைவிலேயே மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. வண்டல் மறைந்து செம்மண். நெல் மறைந்து முந்திரித் தோப்பும் தைலமரமும். ஆதனக்கோட்டையில் சாலையோரத்தில் முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை பேருந்துக்குள்ளேயே வந்தது. புதுக்கோட்டையில் இறங்கி அன்னவாசல் பேருந்தில் ஏறினால் சித்தன்னவாசல் தொலைவில்லை.

புதுக்கோட்டை நண்பர் ஒருவர் ஏற்பாடு செய்திருந்த வழிகாட்டி, சாலையோரத்தில் நின்றிருந்தார். அறுபதைத் தாண்டியவர். சிறுவயதில் இம்மலையில் ஆடு மேய்த்தவராம். நாம் அங்கி அணிந்து செல்லவில்லை. "மொதல்ல மேல போயிருவோம் ஐயா. வெயில் ஏறுனா பாறை சுட்டுரும். ஓவியம் எங்கயும் போகாது," என்று சொல்லிவிட்டு நம் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

உயரம் நமக்கு ஆகாது என்பதை அவரிடம் சொல்ல வெட்கப்பட்டோம். மலையின் ஒரு பக்கம் ஏறி, முகட்டைத் தாண்டிக் கிழக்குச் சரிவுக்குச் செல்ல வேண்டும். அங்கே பாறையின் விளிம்பை ஒட்டி ஒடுக்கமான வழி. பாறையில் வெட்டிய ஏழு சதுரக் குழிகளைப் படியாகக் கொண்டு குகையை அடைந்ததால் ஏழடிப்பட்டம் என்று பெயர். இக்காலத்தில் இரும்புக் கம்பி வேலி இருக்கிறது. இருந்தும் கீழே விரிந்த வெளியைக் கண்டதும் நம் முழங்கால்கள் நின்றுவிட்டன. கம்பியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டோம். முன்னேயும் செல்லாமல் பின்னேயும் திரும்பாமல் நின்றோம். எத்தனை பேரை நோக்கி எத்தனை முறை, "அஞ்சாதீர்கள்" என்று பிரசங்கித்திருப்போம்!

வழிகாட்டி சிரிக்கவில்லை. திரும்பி வந்து, "கண்ணக் கீழ போடாதீங்க. என் முதுகையே பாத்துக்கிட்டு வாங்க," என்றார். அவர் தோளில் கிடந்த வெளுத்துப்போன துண்டின் சிவப்புக் கரையையே பார்த்தபடி நடந்தோம். இருபதோ முப்பதோ அடி இருக்கலாம்.

குகை என்றால் இருண்ட பொந்து என எண்ண வேண்டாம். மேற்பாறை கூரைபோல் நீண்டிருக்க, கீழே தரையில் பதினேழு கற்படுக்கைகள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் படுக்கும் அளவில் வழுவழுப்பாக இழைக்கப்பட்டு, தலைமாட்டில் தலையணைபோல் சற்று உயர்ந்திருக்கிறது. சமண முனிவர்கள் தங்கித் தவம் செய்த இடம் இது. உண்ணாதிருந்து உயிர்துறக்கும் சல்லேகனை நோன்பை இங்கு நோற்றவரும் உண்டு என்பர். பெரிய படுக்கை ஒன்றைச் சுற்றித் தமிழ் பிராமி எழுத்துகள், சுமார் 2000 ஆண்டுப் பழமையானவை. குமுழூரில் பிறந்த காவுதி என்பவருக்குச் சிறுபோசில் இளையர் என்பவர் அமைத்துக் கொடுத்த இருக்கை அது என்று அவற்றைப் படித்த அறிஞர் பொருள் கூறுவர்.

"ஐயா என்ன உத்தியோகம்?" என்று கேட்டார் வழிகாட்டி.

"கிறித்தவக் கோவில் சாமியார்."

"அப்பச் சரி. இது ஒங்க ஆளுங்க படுத்த எடந்தான். செத்த நேரம் படுத்துப் பாக்குறீங்களா சாமி?"

1965இல் வெளியான 'நோஸ்த்ரா எத்தாத்தே' என்ற சங்க ஏட்டைக் குருமடத்தில் வரிவரியாகப் படித்தோம். இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் அது பெயர் சொல்லி மதிக்கிறது. சமணத்தின் பெயர் அதில் இல்லை. ஆடு மேய்த்த இம்மனிதரோ, "ஒங்க ஆளுங்க" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

படுக்கவில்லை, அதன் ஓரமாகத் தரையில் அமர்ந்தோம். படுக்கைகளின் அருகே பிற்காலத்து எழுத்தில் துறவியரின் பெயர்கள் இருப்பதாகச் சொல்லி, ஒவ்வொன்றாக விரலால் சுட்டினார். திருநீலன், திருப்பூரணன். சற்றுத் தள்ளி, பாறையில் காதலர் பெயர்களும் அம்பு தைத்த நெஞ்சங்களும் கீறப்பட்டிருந்தன. "இதையும் ஆயிரம் வருசம் கழிச்சு எவனாச்சும் ஒக்காந்து படிப்பான்," என்று அலுத்துக்கொண்டார்.

நமக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே நின்றுவிட்டது. அனைத்தையும் துறந்தவருக்குப் படுக்கையருகே பெயர் எதற்கு? அவரே வெட்டினாரா, அவர் மறைந்தபின் அன்பர் எவரேனும் வெட்டினாரா? பெயர் வெட்டுவதெல்லாம் அகந்தை என்று ஒரு பிரசங்கத்தை மனத்துக்குள் தொடங்கியிருந்தோம். அது அங்கேயே அறுந்தது. பெயர் இராவிட்டால் காவுதி என்ற ஒருவர் வாழ்ந்தார் என்பதே நமக்குத் தெரியாது. இருக்கை அமைத்தவரின் பெயரும் பெற்றவரின் பெயரும் ஒரே வரியில் அருகருகே நிற்கின்றன. அவர்கள் சண்டையிட்டதாக அக்கல்லில் எதுவும் இல்லை.

அப்போதுதான் நம் ஊர்க் கல் முழுவதுமாய் நினைவுக்கு வந்தது. இரு குடும்பத்தாரும் சண்டையிட்டது மூன்றாம் வரிக்காகவும் நான்காம் வரிக்காகவும். முதல் வரியில் கூடத்தை மந்திரித்த ஆயரின் பெயர். இரண்டாம் வரியில், கொடையாளரின் எழுத்தைவிடப் பெரிய எழுத்தில், பங்குத்தந்தையாகிய நம் பெயர். அதைப் பற்றிப் பேரவையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, நாமும் திறக்கவில்லை. கல்தச்சருக்கு மாதிரி எழுதிக் கொடுத்தது நாமே. ஒரு நாள் கூலியை அப்படியே கொண்டுவந்து நம் கையில் வைத்த மூதாட்டியின் பெயர் அக்கல்லில் இல்லை. சித்தாள் பெண்களின் பெயர்கள் நமக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

திரும்பும்போதும் அத்துண்டின் கரையையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

அறிவர் கோவில் கீழே, தனியே இருக்கிறது. குடைவரை. முன்னால் நிற்கும் தூண்கள் புதுக்கோட்டை சமஸ்தானக் காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தப்பட்டவை. ஒன்பதாம் நூற்றாண்டில், அவனிபசேகரன் எனப்பட்ட பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் உள்மண்டபத்தைப் புதுக்கி முகமண்டபம் எடுத்ததாகப் பாறைக் கல்வெட்டு சொல்கிறது. உட்கருவறையில் நம்மை அமரச்செய்து, "வாயத் தொறக்காம ம்முன்னு சொல்லுங்க," என்றார். சொன்னோம். நாற்புறமும் பாறையே முனகியது. ஒலிபெருக்கியில் பேசித் தேய்ந்த குரல் இவ்வளவு தணிந்தும் கேட்கும் என்பது புதிது.

பின் விதானத்தை அண்ணாந்து பார்த்தோம். அங்கே ஒரு குளம்! செந்தாமரையும் வெண்டாமரையும், அகன்ற இலைகளும், மீன்களும், அன்னங்களும், யானையும், நீரில் இறங்கிய எருமைகளும். மூன்று ஆடவர், ஒருவர் பூக்கூடையுடன். தீர்த்தங்கரரின் திருச்சபையான சமவசரணத்துக்குச் செல்லும் அடியார் மலர் பறிக்கும் தடாகம் என்பர் அறிஞர். நமக்கோ அது நம் பிறந்த ஊர்க் குளம். எருமை நீரில் நிற்கும் சோம்பலை அறியாதவர் அதைத் தீட்டியிருக்க முடியாது. வறண்ட பாறைக்குள், சுண்ணாம்புப் பூச்சின்மேல், காவியும் கரியும் பச்சையும் கொண்டு தலைக்கு மேல் தண்ணீரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். பல இடங்களில் உதிர்ந்து வெறும் பாறை தெரிகிறது. புதுக்கியவர் பெயர் வெளியே கல்லில் இருக்கிறது. எருமையைத் தீட்டியவர் பெயர் எங்குமில்லை. கழுத்து வலிக்கும் வரை பார்த்தோம். வழிகாட்டி தூணில் சாய்ந்து, பொறுமையாகக் காத்திருந்தார்.

பேருந்து வரும்போதுதான் அவர் பெயரைக் கேட்டோம். சொன்னார். நாட்குறிப்பில் எழுதிக்கொண்டோம். "எதுக்கு சாமி, போன் நம்பர் குடுத்தா போதுமே," என்றார்.

மறுநாள் மாலை சாம்பல் பூசும்போது இரு வீட்டுப் பெரியவர்களும் வரிசையில் வந்தனர், இடையில் பத்துப் பேர் இருக்குமாறு பார்த்துக்கொண்டு. இருவர் நெற்றியிலும் பூசினோம். திருப்பலி முடிந்தபின் அவர்களைத் தனித்தனியே அழைத்து, அந்தக் கல்லை நாம் எழுதிக் கொடுத்த விதம் தவறு என்று சொன்னோம். ஒருவர் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார். மற்றவர், "ஒங்க பேரு இருக்கட்டும் சாமி, அவங்க பேரத்தான் எடுக்கணும்," என்றார்.

கல் இன்னும் பதிக்கப்படவில்லை. கல்தச்சர் இருமுறை வந்து பார்த்துவிட்டார். புரட்டிப்போட்டு மறுபக்கத்தில் புதிதாக வெட்டலாமாம். ஆனால் அந்தப் பக்கம் மெருகேற்றக் கூலி தனி என்கிறார்.